சின்ன வால்வ் அம்பிளிபயருக்கு ட்ரான்ஸ்போமர்: எதை எடுப்பது, எப்படிப் பூட்டுவது?

மாங்குளத்தான்:

வணக்கம் எல்லோருக்கும். என்னிடம் இரண்டு ஈசிஎல்82 வால்வ் (பழைய றேடியோவில் வருகிற கண்ணாடிக் குழாய்) இருக்கிறது. ஒன்பது கால் சொக்கற்றும் கிடைத்துவிட்டது. வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு சின்ன ஸ்டீரியோ அம்பிளிபயர் கட்ட வேண்டும். பக்கத்துக்கு ஒரு வால்வ், அவ்வளவுதான். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பிரச்சினை இல்லை. ட்ரான்ஸ்போமரில்தான் வேலை நிற்கிறது. இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் 12 வோல்ட், 24 வோல்ட்தான். கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பார் என்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். பவர் ட்ரான்ஸ்போமர் எத்தனை வோல்ட், எவ்வளவு பெரிது? ஸ்பீக்கர் பக்க ட்ரான்ஸ்போமருக்கு என்ன வழி? என் ஸ்பீக்கர் 8 ஓம். அப்புறம், 230 வோல்டை நேராக டயோட் போட்டு எடுத்தால் பவர் ட்ரான்ஸ்போமரே தேவையில்லை, வால்வைச் சூடாக்குகிற ஹீட்டருக்கு மட்டும் சின்னது ஒன்று போதும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

வவுனியா வயர்மன்:

தம்பி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்யாதீர்கள்.

நேராக எடுத்தால் அம்பிளிபயரின் தகரப் பெட்டி மெயின் லைனோடு தொடுக்கப்பட்டுவிடும். ஒற்றை டயோட் போட்டு நியூட்ரலைப் பெட்டிக்குக் கொடுத்தாலும், இரண்டு முள் பிளக்கை மாற்றிக் குத்தினால் பெட்டி முழுக்க 230 வோல்ட். நாலு டயோட் போட்டால் பிளக்கை எப்படிக் குத்தினாலும் பெட்டியில் கரண்ட் இருக்கும். பழைய காலத்தில் ட்ரான்ஸ்போமர் இல்லாத றேடியோக்கள் வந்தது உண்மைதான். யூசிஎல்82 என்று 50 வோல்ட் ஹீட்டர் வால்வே அதற்காகச் செய்தார்கள். ஆனால் அவற்றை மரப்பெட்டிக்குள் மூடி, பிளாஸ்டிக் குமிழ் போட்டு, ஒரு உலோகமும் கையில் படாமல் விற்றார்கள். நீங்கள் கட்டப் போவதில் போனை ஒரு வயரில் கொண்டுவந்து குத்துவீர்கள். அந்த வயரின் வெளிப்பின்னல் பெட்டியோடு சேர்கிறது. போனைப் பிடித்திருக்கிற கையில் லைன் வந்து நிற்கும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் இருக்கிற 250 வோல்டில் ஒரு கை, பெட்டியில் மறு கை என்று பட்டால் ட்ரிப் விழாது. அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்போமரின் இரண்டாம் சுற்றுக்குள்ளேயே சுற்றி வருகிறது, மெயின் லைனில் போகிற கரண்டுக்கும் திரும்பி வருகிற கரண்டுக்கும் கூடக்குறைவு தெரியாது. ஆகவே மெயின் பக்கத்தில் ட்ரிப்பும் எர்த்தும் காப்பாற்றும், உள்ளே உங்கள் நிதானம் மட்டும்தான் காப்பாற்றும்.

எர்த்தையும் ஒருமுறை பாருங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் வன்னி நிலம் இறுகிக் காய்ந்துவிடும். எர்த் கம்பி அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் பல வீடுகளில் எர்த் வேலை செய்கிறது.

கொயில் கடை கிளிநொச்சி:

வயர்மன் அண்ணை சொன்னதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பவர் ட்ரான்ஸ்போமருக்கு வருகிறேன். தண்ணீர்ப் பம்ப் மோட்டர் கட்டுவதுதான் என் தொழில், ஆனால் ட்ரான்ஸ்போமரும் சுற்றிக் கொடுக்கிறேன். உங்கள் ஊரில் பம்ப் மோட்டர் கட்டுகிற எவரிடமும் இந்தக் கணக்கைக் கொடுத்தால் சுற்றித் தருவார். கம்பி, வார்னிஷ், சுற்றுகளுக்கு நடுவில் கரண்ட் தாவாமல் தடுக்கிற லெதராய்ட் கடதாசி எல்லாம் அவரிடம் இருக்கும்.

முதலில் வால்வ் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஈசிஎல்82 ஹீட்டர் 6.3 வோல்ட், 0.78 அம்பியர். இரண்டுக்கும் 1.56. ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வ்: சத்தத்தை முதலில் பெருக்குகிற ட்ரையோட், ஸ்பீக்கரை ஓட்டுகிற பென்டோட். பென்டோட் பகுதிக்கு 200 வோல்டில் அனோட் 35 மில்லி அம்பியர், ஸ்கிரீன் 7. ட்ரையோட் ஒரு மில்லி என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 86 மில்லி அம்பியர். அனோட் தாங்கும் சூடு 7 வாட்டுக்கு மேல் இல்லை. 200 வோல்டும் 35 மில்லியும் பெருக்கினால் சரியாக அந்த 7 வாட் வருகிறது. அதனால்தான் கூட வோல்ட் கொடுத்தால் நல்லாகப் பாடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் பெரிதாகக் கூடிவிடாது, வால்வ்தான் கெதியாகப் போகும்.

இதற்கு 200 வோல்ட் ஏசி சுற்று ஒன்று, நாலு டயோட் போட்டு எடுத்தால் முதல் கெப்பாசிட்டரில் பாரத்தோடு, அதாவது வால்வ் கரண்ட் இழுக்கும்போது, 260 வோல்ட் அளவில் நிற்கும். அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் மூலம் இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. ஒரு இஞ்சி நடுக்கால் உள்ள ஈ-ஐ தகடு, ஒன்றரை இஞ்சி அடுக்கு. பழைய ஸ்டெபிலைசர், பழைய யூபிஎஸ் உடைத்தால் இந்தத் தகடு வரும். இரும்பின் குறுக்குப் பரப்பு, தகட்டுக்கு இடையில் உள்ள பூச்சைக் கழித்துவிட்டால், 9 சதுர சென்றிமீற்றர் அளவில் வரும். 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு, இரும்பில் காந்த அடர்த்தியை ஒரு டெஸ்லாவில் வைத்தால், 45 ஐப் பரப்பால் பிரித்தால் ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று என்று தெரியும். இங்கே 5. ஆகவே 230 வோல்டுக்கு 1150 சுற்று, 30 நம்பர் கம்பி. 200 வோல்டுக்கு ஆயிரம், இழப்புக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டி 1050 சுற்று, 32 நம்பர். ஹீட்டருக்கு 33 சுற்று, 20 நம்பர்.

சிலர் கம்பி மிச்சம் பிடிக்க இரும்பை 1.3 டெஸ்லா வரை இழுப்பார்கள். எங்கிருந்து வந்த தகடு என்று தெரியாதபோது நான் ஒன்றுக்கு மேல் போவதில்லை. எங்கள் பக்கத்தில் நடுச்சாமத்தில் லைன் 245 வரை ஏறுகிறது. அந்த நேரத்தில் உறுமாமல், சூடேறாமல் இருக்க வேண்டும் என்றால் சுற்றைக் குறைக்கக் கூடாது.

மெயின் சுற்றுக்கும் மற்றச் சுற்றுகளுக்கும் நடுவில் மூன்று பட்டு லெதராய்ட். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

மாங்குளத்தான்:

மிக்க நன்றி அண்ணை. ஒரு சந்தேகம். 260 வோல்ட், 86 மில்லி என்றால் 22 வாட்தான். ஹீட்டருக்கு 10 வாட். மொத்தம் 32. நீங்கள் சொல்கிற தகடு 60 விஏ (வோல்டையும் அம்பியரையும் பெருக்கிய அளவு) வருகிறதே, கூட இல்லையா? என்னிடம் 230க்கு 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் இரண்டு சும்மா கிடக்கிறது. ஒன்று கொஞ்சம் பெரிது, மற்றது 50 விஏ என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் முதுகுக்கு முதுகு, அதாவது 12 பக்கத்தை 12 பக்கத்தோடு சேர்த்துக் கட்டினால் 230 திரும்ப வருமாமே?

ஒட்டுசுட்டான் ஈயம்:

டயோட்டுக்குப் பின்னால் கெப்பாசிட்டர் இருந்தால் ட்ரான்ஸ்போமரில் கரண்ட் சீராக ஓடாது. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மட்டும் சடக்கென்று பாயும். அதனால் ட்ரான்ஸ்போமர் உணர்கிற ஏசி கரண்ட், டிசி கரண்டைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், 1.8 மடங்கு வரைக்கும் வரும். 86 மில்லி டிசிக்கு 150 மில்லி ஏசி. 200 வோல்டால் பெருக்கினால் 30 விஏ. ஹீட்டர் 10. அதோடு இழப்பு. 50க்குக் குறைய எடுத்தால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கை வைக்க முடியாது. டிசி வாட்டை மட்டும் பார்த்து ட்ரான்ஸ்போமர் வாங்குவதால்தான் பலருக்கு மணித்தியாலம் ஒன்று கழிந்ததும் மணம் வருகிறது.

முதுகுக்கு முதுகு நல்ல வழி, பாதுகாப்பானதும்கூட. உங்களிடம் சாமான் இருக்கிறபடியால் நான் அதையே சொல்வேன். ஆனால் 230 திரும்ப வராது. சின்ன ட்ரான்ஸ்போமர் செய்கிறவர்கள் பாரம் ஏறினால் 12 நிற்கட்டும் என்று கூடச் சுற்றியிருப்பார்கள். பாரமில்லாமல் அளந்தால் 13.5 காட்டும். அதைத் திருப்பிப் போட்டு 12 கொடுத்தால் 204 வோல்ட் அளவில்தான் வரும். உங்களுக்குத் தேவையானதே அதுதான்.

முதலாவது பெரியது, 60 விஏக்குக் குறையக் கூடாது. அதன் 12 வோல்டை இரண்டு வேலைக்குப் பாவியுங்கள். இரண்டு வால்வின் ஹீட்டரையும் தொடராகப் போட்டால் 12.6 வோல்ட், 0.78 அம்பியர். அதே 12 வோல்டை மற்ற 50 விஏ ட்ரான்ஸ்போமரின் 12 பக்கத்துக்குக் கொடுங்கள். இரண்டு ஹீட்டரும் சந்திக்கிற நடு முனையை எர்த் பண்ணுங்கள். ஹீட்டர் லைன் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், ஊம் என்ற இரைச்சல் குறையும். 6.3 வோல்ட் சுற்று தனியாக இருப்பவர்கள் இதற்காகவே 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு போடுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

கெப்பாசிட்டரை 400 வோல்டில் வாங்குங்கள். 350 போதும் என்று கடையில் சொல்லுவார்கள். சுவிட்ச் போட்டவுடன் வால்வ் சூடாகி கரண்ட் இழுக்கத் தொடங்கும் வரை பாரமே இல்லை. லைன் ஏறியிருக்கிற இரவில் அந்தச் சில விநாடிகளில் 340க்கு மேல் போகும்.

ஸ்டெபிலைசர் பற்றி ஒன்று. தகட்டுக்காக உடைப்பது சரி, ஆனால் அதன் ட்ரான்ஸ்போமரை அப்படியே பாவிக்கக் கூடாது. அது ஒரே சுற்றில் முளை (நடுவில் எடுத்த முனை) எடுத்த ஓட்டோ ட்ரான்ஸ்போமர். மெயினும் வெளிப்பக்கமும் ஒன்றோடொன்று தொட்டே இருக்கும். மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமரை நினைக்கவே வேண்டாம், அது ஆளைக் கொல்லும்.

பழைய றேடியோ:

பிள்ளைகள் பவர் பக்கத்தை வடிவாகச் சொல்லிவிட்டார்கள். பாட்டைத் தீர்மானிப்பது வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வருகிற அவுட்புட் ட்ரான்ஸ்போமர். வால்வை மாற்றினால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அவுட்புட் ட்ரான்ஸ்போமரை மாற்றினால் வேறு அம்பிளிபயர்.

ஈசிஎல்82 அனோட்டுக்கு 5600 ஓம் பாரம் வேண்டும். ஸ்பீக்கர் 8 ஓம். ஒன்றை மற்றதால் பிரித்தால் 700, அதன் வர்க்கமூலம் 26.5. சுற்று விகிதம் அதுதான். நாலு ஓம் ஸ்பீக்கர் என்றால் 37.4.

தொண்ணூறுகளில் பற்றரி தடைப்பட்டபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட நிலம் இது. வால்வ் றேடியோ அதற்கு முன்பே மூலைக்குப் போய்விட்டது. மூலையில் இருந்ததும் 2009 இடப்பெயர்வோடு போனது. ஆகவே பழைய றேடியோவில் கழற்றலாம் என்று மற்ற ஊர்க்காரர் எழுதுவதை நம்பி இங்கே காத்திருக்க வேண்டாம். தப்பித்தவறி முழுசாக ஒரு வால்வ் றேடியோ கையில் வந்தால் தயவுசெய்து உடைக்காதீர்கள். அதைத் திருத்துங்கள். இரண்டு ட்ரான்ஸ்போமருக்காக அழிக்கிற சாமான் இல்லை அது.

சுற்றுவதுதான் வழி. கிளிநொச்சித் தம்பிக்கு என் கணக்கு: ஒரு இஞ்சி நடுக்கால், ஒரு இஞ்சி அடுக்கு. முதல் சுற்று 3000, 36 நம்பர். இரண்டாம் சுற்று 113, 22 நம்பர். முதலில் 1500 சுற்றி, அதற்கு மேல் 113ஐச் சுற்றி, அதற்கு மேல் மிச்சம் 1500. இப்படி நடுவில் செருகினால்தான் மேல் சுரங்கள் மங்காமல் வரும். எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் மெல்லிய கடதாசி.

தகடு அடுக்குவதில்தான் பம்ப் கடைக்காரர்கள் பழக்கத்தில் பிழை விடுவார்கள். பவர் ட்ரான்ஸ்போமருக்கு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி அடுக்குவது வழக்கம். இதில் அப்படி அடுக்கக் கூடாது. ஒற்றை வால்வ் என்பதால் 35 மில்லி டிசி ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லையென்றால் இரும்பு நிரம்பிவிடும், தாழ்ந்த சுரம் வராது. ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவில் கொப்பி ஒற்றைக் கடதாசி ஒன்று. அது ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. காந்தம் அதை இரண்டு தரம் கடப்பதால் 0.2 இடைவெளி என்று கணக்கு. அப்புறம் நன்றாக இறுக்கி வார்னிஷில் தோய்க்க வேண்டும்.

முத்தையன்கட்டு:

ஐயா, கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரில் வருகிற 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமரைப் பாவிக்கலாமே? வற்றாப்பளைப் பொங்கலுக்கு றோட்டு நீளத்துக்கும் ஹோர்ன் கட்டுகிறார்கள். சவுண்ட் சேர்விஸ்காரரிடம் ஹோர்ன் எரிந்து ட்ரான்ஸ்போமர் மட்டும் மிஞ்சியது நிறைய இருக்கும். 100ஐ 100ஆல் பெருக்கி வாட்டால் பிரித்தால் ஓம் வரும். 2 வாட் முளை 5000 ஓம். 2.5 வாட் என்றால் 4000. 1.25 என்றால் 8000.

பழைய றேடியோ:

பாவிக்கலாம், கணக்கும் சரி. நீண்ட வயரில் கரண்டைக் குறைத்து அனுப்பத்தான் அந்த 100 வோல்ட். அதற்காகச் செய்தது டிசியை எதிர்பார்க்காது. மாற்றி அடுக்கிய தகடுதான் உள்ளே இருக்கும். தகட்டைக் கழற்றி நான் சொன்ன மாதிரித் திருப்பி அடுக்கினால் பாவிக்கலாம். வார்னிஷில் ஊறிய தகட்டைக் கழற்றும்போது வளைத்துவிடாதீர்கள். 10 வாட் அளவான பெரியதாகப் பார்த்து எடுங்கள், சின்னதில் பேஸ் இருக்காது. அடுத்த மாதமே பாட்டுக் கேட்க வேண்டும் என்பவருக்கு இது போதும். எனக்குக் கேட்டால், சுற்றியதுக்கு ஈடில்லை.

எதை எடுத்தாலும் முதலில் விகிதத்தை அளந்து பாருங்கள். முதல் சுற்றுக்கு 12 வோல்ட் ஏசி கொடுத்து, ஸ்பீக்கர் பக்கத்தை மீற்றரில் பாருங்கள். 12.5 கொடுத்து 0.47 வந்தால் 26.5. தவறியும் ஸ்பீக்கர் பக்கத்துக்கு 12ஐக் கொடுக்காதீர்கள். மற்றப் பக்கத்தில் 300க்கு மேல் எழும்பும்.

வவுனியா வயர்மன்:

பூட்டுவது பற்றிச் சொல்கிறேன். மூன்று கம்பி வயர். பச்சை மஞ்சள் பெட்டியில் தனி போல்ட் ஒன்றில், பெயின்ற் சுரண்டி, பல் வொஷர் போட்டு இறுக வேண்டும். அந்த போல்டில் வேறு எதையும் பூட்டாதீர்கள். லைன் வயர் முதலில் பியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு, பிறகு ட்ரான்ஸ்போமருக்கு. பியூஸ் 500 மில்லி, மெதுவாக எரிகிற வகை. மெல்லியது போட்டால் சுவிட்ச் போடும் அடியிலேயே போகும்.

துளை போட முன் ஒரு வேலை செய்யுங்கள். பவர் ட்ரான்ஸ்போமரைப் பலகையில் வைத்து மெயின் மட்டும் கொடுங்கள், மற்ற முனைகளை இன்சுலேட் பண்ணிவிட்டு. அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் ஸ்பீக்கர் முனையில் ஹெட்போன் கொழுவி, காதில் வைத்துக்கொண்டு ட்ரான்ஸ்போமரைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் ஊம் சத்தம் அடங்கும். பெரும்பாலும் பவர் ட்ரான்ஸ்போமருக்குச் செங்குத்தாக நிற்கும்போது. அந்த இடத்தில் அடையாளம் வைத்துத் துளை போடுங்கள். முதுகுக்கு முதுகு என்றால் பவர் பக்கத்தில் இரண்டு இரும்பு இருக்கிறது, இரண்டையும் ஓட விட்டே பார்க்க வேண்டும்.

ஹீட்டர் வயரை இறுக்கி முறுக்கிப் பெட்டி மூலையோடு கொண்டு போங்கள். டயோட் பாலத்தின் மைனஸ் நேராக முதல் கெப்பாசிட்டரின் மைனஸ் காலுக்கு, அங்கிருந்துதான் மற்ற எர்த் எல்லாம். பெட்டித் தகரத்தை வயராகப் பாவிக்காதீர்கள். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், ஒரு வாட். நிறுத்திய பிறகும் உள்ளே கை வைக்க முன் மீற்றரால் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

முதல் தரம் கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போடுங்கள். எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், வேறு ஒன்றும் எரியாது.

மாங்குளத்தான்:

எல்லோரும் சொன்னபடி செய்தேன். பவர் முதுகுக்கு முதுகு, அவுட்புட் இரண்டும் கிளிநொச்சி அண்ணையிடம் சுற்றியது. பல்ப் தொடரில் மங்கலாக எரிந்து அடங்கியது. முதல் கெப்பாசிட்டரில் 262 வோல்ட். 470 ஓம் 10 வாட் ரெசிஸ்டருக்குப் பின் 221. கதோட்டில் போட்ட 390 ஓம் ரெசிஸ்டரில் 16.2 வோல்ட். ஹீட்டர் இரண்டும் சேர்த்து 12.3. பாட்டு அவ்வளவு தெளிவாக வருகிறது, பக்கத்து வீட்டார் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஸ்பீக்கர் முனையில் இருந்து ட்ரையோட் கதோட்டுக்கு ஃபீட்பேக் ரெசிஸ்டர் (வெளியே வருகிறதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவது) போட்டால் இடது பக்கம் மட்டும் ஊளையிடுகிறது. வலது சரி.

ஒட்டுசுட்டான் ஈயம்:

16.2ஐ 390ஆல் பிரித்தால் 41.5 மில்லி. அனோட்டும் ஸ்கிரீனும் சேர்ந்த கணக்குக்கு மிகச் சரி. ட்ரான்ஸ்போமரில் விழுகிற 9 வோல்டையும் கதோட்டையும் 221இல் கழித்தால் அனோட் 196. வால்வ் பல வருடம் ஓடும்.

பழைய றேடியோ:

இடது ட்ரான்ஸ்போமரின் ஸ்பீக்கர் பக்க இரண்டு முனையையும் மாற்றிப் பூட்டுங்கள். திசை எதிராக இருக்கிறது, ஃபீட்பேக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. ஈயம் வைக்கும்போது நிறுத்தி, கெப்பாசிட்டர் இறங்கியதைப் பார்த்துவிட்டு வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிய நிலையில் பாட்டு மட்டும் போடாதீர்கள். பாரமில்லாமல் ஓடினால் முதல் சுற்றில் எழும்புகிற வோல்ட் கம்பிப் பூச்சைத் துளைத்துவிடும். சுற்றின 3000 சுற்றும் வீண்.

மாங்குளத்தான்:

மாற்றினேன் ஐயா, ஊளை நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வால்வுக்கு மேல் கம்பி வலை மூடி ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கொயில் கடை கிளிநொச்சி:

மூடிக்குக் கீழ்ப்பக்கமும் வலை போடுங்கள் தம்பி. இங்கே சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போகும். 260 வோல்டுக்குக் குறுக்கே அது படுத்தால் டயோட்டும் பியூஸும் சேர்ந்து போகும். அவுட்புட் கணக்கை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் வேண்டுமென்றால் தகடு கொண்டு வந்தால் போதும்.